மூச்சுக் கணக்கு

மோட்டார் வண்டிக்குப் பலம் பெட்ரோலிலிருந்து வருகிறது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். காசு கொடுத்து வாங்குவது அதைத்தானே! காற்றை யாரும் லிட்டர் கணக்கில் அளந்து ஊற்றுவதில்லை. ஆனால் எஞ்சினைப் பிரித்துப் போட்டுப் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிவிடலாம், அது எரிவதற்கு வேண்டிய காற்றை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு என்பார்கள். ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 15 கிராம் காற்று வேண்டும். அந்தக் காற்று உள்ளே போகவும், எரிந்த புகை வெளியே வரவும் வால்வு என்ற கதவுகள் இருக்கின்றன. எந்தக் கதவு எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது, எப்போது மூடுவது என்று உத்தரவு போடுகிற அதிகாரிக்குத்தான் கேம் ஷாப்ட் என்று பெயர்.

பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதமாக இராது. முழ நீளத்தைவிடச் சற்றுப் பெரிய இரும்புத் தண்டு. அதில் முட்டை வடிவத்தில் சில புடைப்புகள். தண்டு சுற்றும்போது முட்டையின் கூர்மையான பக்கம் வால்வைத் தள்ளித் திறக்கிறது; அது விலகியதும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடுகிறது. யோசனை புதிதல்ல. 1206-ஆம் ஆண்டிலேயே அல் ஜஸரி என்ற யந்திரக் கலைஞர் தம் புத்தகத்தில் இப்படிப்பட்ட தண்டை விவரித்திருக்கிறார். தையல் மெஷினுக்குள்ளும் இதன் சின்னத் தம்பி ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் மோட்டார் எஞ்சினில் அந்த முட்டையின் வடிவத்தை மயிரிழை மாற்றினால் வண்டியின் சுபாவமே மாறிவிடுகிறது.

எனக்கு இந்த வித்தையில் சம்பந்தம் ஏற்பட்டது ஒரு நாவலால். அதில் கதாநாயகன் சோழவரத்தில் கார்ப் பந்தயம் ஓட்டுகிறான். எழுதுவதற்காகச் சில பட்டறைகளுக்குப் போனேன், சில பெரியவர்களைக் கேட்டேன், அவ்வளவுதான். அது வெளிவந்த நாள் முதல் உறவு வட்டாரத்தில் வண்டி வாகனம் பற்றிய வழக்குகள் எல்லாம் என்னிடம் வந்து சேர்கின்றன. டிராக்டருக்கு எந்த டயர் நல்லது என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். அப்படித்தான் போன வருஷம் மேலநீலிதநல்லூரிலிருந்து என் அக்காள் மகன் கைபேசியில் ஒரு செய்தி அனுப்பினான். "மாமா, மூணு கேம் இருக்கு. 260, 276, 296. எதைப் போடட்டும்?"

வண்டி அவன் அப்பாவினுடையது. பிரீமியர் பத்மினி. ஃபியட் 1100 என்று நமக்குப் பழக்கமான அதே வண்டிதான், 1089 சி.சி., நான்கு சிலிண்டர், நாற்பதை ஒட்டிய குதிரைச் சக்தி, ஸ்டியரிங்கை ஒட்டியே கியர். அத்தான் காலமாகி நான்கு வருஷம் ஆகிறது. பையன் ஊரில் பம்பு மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். கையில் தொழில் இருக்கிறது, மனத்தில் வேகம் இருக்கிறது. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பந்தயப் பாதை இருக்கிறதல்லவா, அதில் ஒரு நாளாவது அப்பாவின் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. அங்கே ஒரு பட்டறைக்காரர்தான் இந்த மூன்று கேம்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

இந்த 260, 276 என்பவை என்ன? வால்வு திறந்திருக்கும் காலத்தை எஞ்சின் சுழலும் பாகைகளில் சொல்லும் கணக்கு. எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள், அதாவது 720 பாகைக்குள், உறிஞ்சி, அமுக்கி, வெடித்து, வெளியே தள்ளி ஒரு மூச்சை முடித்துவிடுகிறது. கேம் ஷாப்ட் அதில் பாதி வேகத்தில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றுகிறது. உறிஞ்சுவதற்குப் பிஸ்டன் மேலிருந்து கீழே வரும் 180 பாகை போதாதோ என்று கேட்பீர்கள். ஏட்டுக் கணக்குக்குப் போதும். நிஜத்தில் காற்றுக்கும் எடை உண்டு, ஓட ஆரம்பித்தால் சட்டென்று நிற்காது. நிமிஷத்துக்கு 6000 சுற்றில் ஒரு வால்வு விநாடிக்கு ஐம்பது தடவை திறந்து மூடுகிறது. 250 பாகை திறந்திருந்தாலும் அது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஏழு பங்குதான். அதற்குள் காற்று புகுந்தாக வேண்டும்.

சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் பஸ்ஸில் ஏறும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து கூட்டம் முண்டித் தள்ளுகிறது. கண்டக்டர் விசில் கொடுத்த பிறகும் கதவை இரண்டு விநாடி மூடாமல் விட்டால், தள்ளுகிற வேகத்திலேயே இன்னும் நாலு பேர் உள்ளே வந்துவிடுவார்கள். நீண்ட கேம் செய்வது இதைத்தான். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வர ஆரம்பித்த பிறகும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. வேகமாக வரும் காற்று அந்த வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் உள்ளே அடைகிறது. ஆனால் அதே பஸ் கூட்டமில்லாத ஒரு மத்தியானத்தில் கதவைத் திறந்துகொண்டு நின்றால் என்ன ஆகும்? ஏறியவர்களில் இரண்டு பேர் வெற்றிலைபாக்கு வாங்க இறங்கிப் போய்விடுவார்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது இதுதான் கதை. மேலே வரும் பிஸ்டன், உள்ளே வந்த காற்றை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகிறது. மேலே பலம் கூடிய கேம் கீழே இழுவையைப் பறித்துக்கொள்வது இதனால்தான்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. புகை போகும் கதவு மூடுமுன்பே காற்று வரும் கதவு திறந்துவிடும். கொஞ்ச நேரம் வாசலும் கொல்லையும் ஒருங்கே திறந்திருக்கும். வேகத்தில், வெளியே ஓடும் புகையே புதுக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு வரும். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போதோ, புகை முன்வாசலுக்கே திரும்பி வந்து எல்லாவற்றையும் கெடுக்கும். பந்தய வண்டிகள் நிற்கும்போது குதிரை காலை மாற்றி மாற்றி உதைப்பதுபோல் 'டுக்கு... டுடுக்கு...' என்று தள்ளாடுவதைக் கேட்டிருக்கிறீர்களா? இளவட்டங்களுக்கு அது சங்கீதம். அதன் காரணம் இந்த இரட்டைக் கதவுதான்.

ஆக, கேம் தேர்ந்தெடுப்பது என்பது, எஞ்சினுக்குள்ள பலத்தை எந்த வேகத்தில் வைத்துக்கொள்வது என்ற தீர்மானம். இதற்கு அம்பாஸடரைவிட நல்ல சாட்சி கிடையாது. நம் அம்பாஸடரில் வெகுகாலம் இருந்த 1489 சி.சி. எஞ்சினும், 1955-இல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினும் ஒரே குலம், ஒரே கோத்திரம். இங்கே ஐம்பதை ஒட்டிய குதிரைச் சக்தி. அங்கே எழுபதை ஒட்டி. இரண்டு கார்புரேட்டர், கூடுதல் அமுக்கம், வேறு கேம் என்று சில மாற்றங்களில் ஓர் அண்ணன் கல்யாணக் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு மேடு ஏறினான், தம்பி தொப்பியைக் காற்றில் பறக்கவிட்டுக்கொண்டு போனான். அம்பாஸடர்காரர்களுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆறு பேர், டிக்கியில் அரிசி மூட்டை, அந்தக்காலத்து மட்டமான பெட்ரோல். இதற்கு எது வேண்டுமோ அதைப் போட்டார்கள்.

அந்த முடிவை மாற்றி எழுதப் புறப்பட்டவர்கள் சோழவரத்துக்கு வந்தார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது சென்னைக்கு வடக்கே போட்ட விமான ஓடுதளம் அது. யுத்தம் முடிந்து விமானங்கள் போன பிறகு அங்கே மோட்டார்கள் பறந்தன. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தோன்றியது. அதன் பந்தயங்களைப் பார்க்க வெயிலில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் நின்றார்கள். அயல்நாட்டுப் பந்தயக் கார்களோடு கூட ஃபியட்டும் அம்பாஸடரும் ஹெரால்டும் ஓடின. நேற்று வரை குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன வண்டிகள்! 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பாதை ஏற்பட்ட பிறகு சோழவரத்தின் சத்தம் ஓய்ந்தது.

கோயம்புத்தூர்க்காரர்கள் இதில் முந்திக்கொண்டதற்குக் காரணம் பணம் மட்டும் அல்ல. ஊர் முழுக்க வார்ப்படச் சாலை, லேத் பட்டறை, பம்பு செட்டுத் தொழில். இரும்பை அளவுக்குச் சீவத் தெரிந்த கைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. கரிவரதன் என்ற அபூர்வ மனிதர் அங்கேதான் மாருதி 800-இன் எஞ்சினை வைத்து, நம் ஊர்ப் பையன்களுக்கும் கட்டுப்படியாகும் விலையில் ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களைக் கட்டினார். 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிப்பாளையம் பாதைக்கு அவர் பெயர்தான். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும் கோயம்புத்தூர்க்காரர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நம் பட்டறைகளில் பழைய வண்டிகளுக்குப் புதுக் கேம் வாங்குவதைவிடப் பழையதை அரைத்துக்கொள்வதே வழக்கம். முட்டையின் கூரிய பக்கத்தில் இரும்பைக் கூட்ட முடியாது; ஆகவே வட்டமான அடிப்பக்கத்தை அரைத்துக் குறைக்கிறார்கள். அடி குறைந்தால் நுனி உயர்ந்ததாகத்தானே கணக்கு! கடைசியில் வேண்டிய உயரம் வந்துவிடும். மேலே உள்ள கெட்டித் தோல் எவ்வளவு ஆழம் என்று பார்த்து நிறுத்தத் தெரிந்தவனே கைகாரன். அமெரிக்காவிலும் இப்படிக் கையால் தொடங்கியதுதான். கலிபோர்னியாவில் ஆர்மீனியக் குடும்பம் ஒன்று திராட்சை பயிரிட்டு, பனியில் கொடிகள் கருகிப்போய், பிழைப்புத் தேடி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தது. அந்த வீட்டுப் பையன் எட் இஸ்கெண்டேரியன் யுத்தம் முடிந்து வந்து, தன் வண்டிக்குக் கேம் கேட்டுக் காத்திருந்து அலுத்து, பழைய அரைக்கும் மெஷின் ஒன்றை வாங்கி அதையே கேம் அரைக்கும்படி மாற்றிக்கொண்டான். பிற்காலத்தில் கேம் என்றாலே அவர் பெயர் என்று ஆயிற்று.

மேலும் கீழும் இரண்டும் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஹோண்டா கம்பெனியார் 1989-இல் இன்டெக்ரா என்ற காரில் ஒரே தண்டில் இரண்டு விதமான முட்டைகளை வைத்தார்கள். மெதுவான ஓட்டத்துக்குச் சின்னது. வேகம் ஏறியதும் எண்ணெய் அழுத்தத்தால் ஒரு சிறு ஆணி நகர்ந்து பெரியதோடு பூட்டிக்கொள்ளும். 1.6 லிட்டர் எஞ்சினில் 160 குதிரைச் சக்தி. இன்று தெருவில் ஓடும் வண்டிகள் பலவற்றில் இத்தகைய உபாயம் ஏதாவது ஒன்று இருக்கிறது. மேலநீலிதநல்லூர்ப் பத்மினிக்கு அந்த வசதி இல்லை. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் நேரில் போனேன். பையன் 296-இல் மனம் வைத்திருக்கிறான் என்று பார்த்த உடனே தெரிந்தது. அதனிடம் பழகிப் பயமும் இருந்ததால் 276-க்கு இறங்கி வரத் தயார். அவன் காட்டிய தாளில் இந்த எண்களைத் தவிர வேறொன்றும் இல்லை. இந்த எண்களில் ஒரு வியாபார ரகசியம் இருக்கிறது: வால்வு அசைய ஆரம்பித்த கணத்திலிருந்து அளந்தால் ஒரு கணக்கு, ஒரு மில்லிமீட்டர் எழும்பிய பிறகு அளந்தால் முப்பது நாற்பது பாகை குறைந்த வேறொரு கணக்கு. எப்படி அளந்தது என்று சொல்லாத எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு கேம்களை ஒப்பிடக் கூடாது. போன் செய்து கேட்கச் சொன்னேன். கேட்டான், அசைய ஆரம்பித்ததிலிருந்துதான் என்று பதில் வந்தது. சரி, அந்த மட்டில் நாணயமான ஆள்.

வண்டி எங்கே ஓடப் போகிறது என்பது அடுத்த கேள்வி. மேலநீலிதநல்லூரிலிருந்து தேவர்குளம், மானூர் வழியாகத் திருநெல்வேலிப் பாதை. இருபுறமும் மானாவாரி நிலம், காற்றாலைகள், ஊருக்கு ஊர் வேகத்தடை, நடுவே ஆட்டு மந்தை. மாதம் இரண்டு தடவை அக்காவைக் கண் வைத்தியத்துக்குப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போகிறான். டாப் கியரில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அந்த எஞ்சின் இரண்டாயிரத்துச் சொச்சம் சுற்றுத்தான் சுற்றும். 296 கேம் கண் விழிப்பதே நாலாயிரத்துக்கு மேல். வருஷத்தில் ஒரு நாள் செட்டிப்பாளையம். மற்ற நாளெல்லாம் மானூர். அது போக, அந்தக் கேமைப் போட்டால் ஹெட்டைச் சீவி அமுக்கத்தைக் கூட்ட வேண்டும், கெட்டி ஸ்பிரிங் போட வேண்டும், கார்புரேட்டரை மாற்ற வேண்டும். ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால் வேகத்தில் வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் வந்து முட்டும். ஒரு கல்யாணத்துக்குச் சம்மதித்தால் சீமந்தம், பெயர்சூட்டு எல்லாம் வரிசையாக வருவதுபோலத்தான்.

அக்கா இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சர்க்கரை வியாதியில் பார்வை மங்கிப் போய் இப்போது உருவம்தான் தெரிகிறது.

"சத்தம் மாறுமா?" என்று கேட்டாள்.

பையன் பேசவில்லை. நான்தான் சொன்னேன், "மாறும் அக்கா. பெரிய கேம் போட்டால் ரொம்ப மாறும்."

"மாறட்டும். வண்டி அவனுதுதான?" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பின்னால் பையன் சொல்லித் தெரிந்தது. அத்தான் இருந்த காலத்தில் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அவள் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிடுவாளாம். வீட்டு வாசலில் எஞ்சினை உடனே அணைக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிடுவது அவர் பழக்கம். அந்த ஓட்டம் நின்ற பிறகு தோசை இலையில் விழும்.

சங்கரன்கோவிலில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். அறுபது வயது; ஃபியட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். பையன் அவரை அண்ணாச்சி என்பான். அவர் மூன்று எண்களையும் கேட்டுவிட்டு, "புதுசு எதுன்னு பொறவு பாப்போம் தம்பி. உள்ள கெடக்கது எப்படி இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றார். எஞ்சினை இறக்கி, கேமை உருவி, வி-பிளாக்கில் வைத்து, டயல் கேஜை ஒட்டி ஒவ்வொரு முட்டையாகச் சுழற்றினார். எட்டு முட்டைகளில் ஏழு கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்திருந்தன. புகை வால்வுக்கான ஒன்று ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மழுங்கிப் போயிருந்தது. அதன் டாப்பெட்டின் முகத்தில் குழி. இக்காலத்து எண்ணெய்களில், புகையைச் சுத்தம் செய்யும் கருவி கெடாதிருக்கத் துத்தநாகச் சத்தைக் குறைத்துவிட்டார்கள். பழைய எஞ்சின்களில் டாப்பெட்டையும் கேமையும் காத்துவந்தது அந்தச் சத்துதான். பையன் கேட்டுப் பழகியிருந்த ஓட்டம் மூன்றரைச் சிலிண்டரின் ஓட்டம்.

"பந்தய மாடு வேணும்னு கேக்கே. ஒன் உழவு மாடே நொண்டிக்கிட்டுல்லா நிக்கி?" என்றார் மெக்கானிக்.

என் தீர்ப்பு 260. பையனுக்கு முகம் வாடிவிட்டது. "மாமா, ஒங்க நாவல்ல அந்த ஆளு இதையா போட்டிருப்பான்?" என்று கேட்டான்.

"அவனுக்கு நான் அம்மா வைத்து எழுதவில்லையே" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்து, மூன்றாம் நாள் தானே கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினான். உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் நல்ல நிலையில் ஒரு ஃபியட் கேமைப் பொறுக்கி எடுத்து, பட்டறையில் 260-க்கு அரைத்துக்கொண்டு வந்தான். புது டாப்பெட்டுகள் எட்டும் வாங்கி வந்தான். பழைய டாப்பெட்டில் புதுக் கேமை ஓட்டினால் இரண்டும் போய்விடும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார்.

பூட்டும்போது நானும் இருந்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பொம்மை செய்யும் கலர்க் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் அப்பி, ஹெட்டை வைத்து, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி கழற்றி, வால்வு அழுத்திய குழியைக் குறுக்கே வெட்டி அளந்தார்கள். காற்று வால்வுக்கு 2 மில்லிமீட்டர், புகை வால்வுக்கு 2.5 மில்லிமீட்டர் இடைவெளியாவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. இருந்தது. பாகைகள் குறித்த வட்டத் தகட்டை முன்னால் மாட்டி, கேம் சரியான இடத்தில் திறக்கிறதா என்று பார்த்தார்கள். டைமிங் செயின் ஒரு பல் தள்ளிப் போனால் இவ்வளவு யோசனையும் வீண்.

கேமின் வாழ்வு சாவு முதல் இருபது நிமிஷத்தில் தீர்மானமாகிறது. கிளப்பிய உடனே ஸ்லோவில் விடக் கூடாது. இரண்டாயிரம் சுற்றுக்குக் குறையாமல் ஓடவிட்டால்தான் எண்ணெய் தெறித்து முட்டைகளின் மேல் விழும். கேமும் டாப்பெட்டும் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்ளும். ஆகவே வண்டி வாசலில் நின்றுகொண்டு இருபது நிமிஷம் கத்தியது. தெருவே கூடிவிட்டது. பையன் ஆக்ஸிலேட்டரில் கால் வைத்தபடி, கண்ணைக் கடிகாரத்தில் வைத்தபடி, வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தான். செட்டிப்பாளையத்தில்கூட அவன் அவ்வளவு பதற்றப்பட்டிருக்க மாட்டான்.

பிறகு காலை எடுத்தான். எஞ்சின் இறங்கி ஸ்லோவுக்கு வந்தது. தள்ளாட்டம் இல்லை. ஆனாலும் பழைய சத்தமும் இல்லை. கொஞ்சம் ஆழமாக, மார்பு விரிந்து மூச்சு விடுவதுபோல இருந்தது. அக்கா வாசற்படியில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டாள். நாங்கள் மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"டாப்பெட்டு கொஞ்சம் கூடுதலாத் தட்டுது" என்றாள்.

மெக்கானிக் பானெட்டுக்குள் காதைக் கொடுத்தார். "ஆமா, ரெண்டு வால்வுல இடைவெளி கொஞ்சம் கூடத்தான் வச்சிருக்கேன், தாயி. ஐநூறு கிலோமீட்டர் ஓடினப்பொறவு சரிபண்ணிக்கிடலாம்னு" என்றார்.

"ஐநூறு வரைக்கும் எதுக்கு? இப்பவே பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டு அக்கா அடுக்களைக்குப் போனாள். மெக்கானிக் பையிலிருந்து பில்லர் கேஜை எடுத்தார். எஞ்சின் சூடு ஆறட்டும் என்று காத்திருந்தோம். உள்ளே தோசைக்கல் வைக்கும் சத்தம் கேட்டது.